ஏழாவது இடத்தில் முடித்துவிட்டு மூடப்பட்ட அணி - கிரிவ்பாஸ் கதை

ஒரு கால்பந்து அணி எப்படிச் சாகும்? வரிசையாகத் தோற்கும். கடைசி இடத்துக்கு வரும். கீழ் லீகுக்கு இறங்கும். அங்கேயும் தோற்கும். பார்க்க வரும் கூட்டம் குறையும். ஒருநாள் யாருக்கும் தெரியாமல் கேட்டைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பொதுவாக இதுதான் வரிசை.

உக்ரைனின் கிரிவ்பாஸ் அணி இந்த வரிசையில் சாகவில்லை. 2012-13 சீசனில் உக்ரைன் பிரீமியர் லீகில் மொத்தம் 16 அணிகள். கிரிவ்பாஸ் பிடித்தது 7-வது இடம். அந்த அணியின் நிலைமைக்கு அது மிக நல்ல இடம். 1992-ல் உச்ச லீகுக்கு ஏறியதிலிருந்து 21 சீசன்கள், ஒருமுறைகூடக் கீழே இறங்கியது கிடையாது. ஆனால் 2013 ஜூனில் கிளப் திவால் என்று அறிவிக்கப்பட்டது. அதே சீசனில் கடைசி இடம் பிடித்த மெட்டலுர்ஹ் ஜபோரிஜியா அடுத்த வருடமும் உச்ச லீகில் ஆடியது. ஏழாவது வந்த அணி எந்த லீகிலும் இல்லை!

மைதானத்தில் யாராலும் இறக்க முடியாத அணியைக் கணக்குப் புத்தகம் இறக்கிவிட்டது. எப்படி? அதைவிடப் பெரிய கேள்வி, ஏழு வருடம் கழித்து அது எப்படித் திரும்பி வந்தது? வந்தது அதே அணிதானா?

இரும்பு ஊர்

அணியைப் புரிந்துகொள்ள ஊரைப் புரிந்துகொள்ள வேண்டும். கிரிவி ரிஹ், உக்ரைனின் மத்தியிலிருந்து சற்றே தெற்கில் இருக்கும் தொழில் நகரம். பூமிக்கடியில் இரும்புத் தாது எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே ஊரும் வளர்ந்தது. அதனால் வட்டமாகப் பரவாமல் நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளமாக, ரிப்பன் மாதிரிக் கிடக்கிறது. சுரங்கத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பு, அடுத்த சுரங்கம், அடுத்த குடியிருப்பு என்று போய்க்கொண்டே இருக்கும்.

இங்கே இரும்பு இருக்கிறது, தோண்டினால் லாபம் வரும் என்று 19-ம் நூற்றாண்டில் விடாமல் அலைந்தவர் ஒலெக்சாந்தர் போல் என்ற நிலவுடைமையாளர். கடைசியில் பிரெஞ்சு முதலீடு கிடைத்துத்தான் வேலை தொடங்கியது. 1884-ல் ரயில் பாதை வந்தது. கிழக்கே தொன்பாஸின் நிலக்கரியும் மேற்கே கிரிவி ரிஹின் இரும்பும் ஒன்றையொன்று சந்தித்தன. உக்ரைனின் கனரகத் தொழிலுக்கு அடித்தளம் அதுதான். 1934-ல் சோவியத் அரசின் மாபெரும் உருக்காலையான கிரிவோரிஜ்ஸ்தால் இரும்பு வார்க்கத் தொடங்கியது.

'கிரிவ்பாஸ்' என்பது ஒரு சுருக்கப் பெயர். கிரிவி ரிஹ் இரும்புத் தாதுப் படுகை என்பதைச் சுருக்கிச் சொல்வது. அதாவது அணியின் பெயர் ஒரு மிருகமோ வீரனோ இல்லை, பூமிக்கடியில் இருக்கும் தாது. ஊரில் யாரைக் கேட்டாலும் அப்பாவோ மாமாவோ சுரங்கத்தில் அல்லது ஆலையில் இருந்திருப்பார். அணியின் பெயரைச் சொல்வது குடும்பத் தொழிலின் பெயரைச் சொல்வது மாதிரி.

சம்பளம் தந்தது ஆலை

1959-ல் அணி தொடங்கியது. ஆரம்பத்தில் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஒரு கட்டத்தில் 'ஹிர்னிக்' என்றும் இருந்தது. உக்ரைன் மொழியில் அதற்குச் சுரங்கத் தொழிலாளி என்று அர்த்தம். 1966-ல் கிரிவ்பாஸ் என்ற பெயர் வந்தது, நின்றுவிட்டது. 'ஹிர்னிக்' என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரும்.

சோவியத் காலத்தில் கால்பந்து வீரர்கள் சட்டப்படி அமெச்சூர்கள். பந்து ஆடுவதற்குச் சம்பளம் என்பதே காகிதத்தில் கிடையாது. ஏதாவது ஒரு ஆலையிலோ சுரங்கத்திலோ ராணுவத்திலோ வேலை செய்வதாகப் பதிவு இருக்கும், சம்பளம் அங்கிருந்து வரும். பஸ், விடுதி, மைதானப் பராமரிப்பு எல்லாம் ஊரின் பெரிய நிறுவனங்களின் தலையில். கிளப்புக்கென்று தனி வரவு செலவு பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. லாபம், நஷ்டம் என்ற வார்த்தைகளுக்கு அங்கே வேலையும் இல்லை.

இந்த ஏற்பாட்டில் கிரிவ்பாஸ் சுமாராக நன்றாகவே ஆடியது. சோவியத் உச்ச லீகை எட்டவில்லை. ஆனால் கீழ் லீகின் உக்ரைன் பிரிவில் 1971, 1976, 1981 உட்படச் சில முறை முதலிடம் பிடித்தது. ஊரில் மெட்டலுர்ஹ் என்ற பெரிய மைதானம் இருந்தது. கிட்டத்தட்ட 30,000 பேர் உட்காரலாம். சின்ன அணிக்குக் கொஞ்சம் பெரிய சட்டைதான்.

1992: ஏணி திடீரென்று குட்டையானது

1991-ல் சோவியத் யூனியன் உடைந்தது. பதினைந்து நாடுகளுக்கும் பொதுவாக இருந்த லீகும் உடைந்தது. உக்ரைன் தனக்கென்று ஒரு லீகை 1992 வசந்தத்தில் அவசரமாக ஆரம்பித்தது. மாஸ்கோ அணிகள் இல்லை, திபிலீசி இல்லை, யெரெவான் இல்லை. இதுவரை நடுவில் எங்கேயோ இருந்த அணிகளுக்கு உச்சி திடீரென்று கைக்கெட்டும் தூரத்தில் வந்தது.

கிரிவ்பாஸ் அந்த முதல் சீசனில் இரண்டாம் நிலை லீகில் வைக்கப்பட்டது. தன் பிரிவில் முதலிடம் பிடித்து உடனே உச்ச லீகுக்கு ஏறியது.

ஏறியது சரி, சோறு யார் போடுவது? உக்ரைன் பொருளாதாரம் அப்போது இருந்த நிலைமை ஒரு எண்ணில் புரியும். 1993-ல் அந்த நாட்டின் பணவீக்கம் 10,000 சதவீதத்தைத் தாண்டியது. ஜனவரியில் 1 ரூபாய்க்கு வாங்கிய பொருள் டிசம்பரில் 100 ரூபாய்க்கு மேல் என்று கற்பனை செய்து பாருங்கள். சுரங்கத் தொழிலாளிக்கே சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி. அணிக்குப் பணம் கொடுத்த சோவியத் ஆலைகள் தங்கள் பிழைப்பையே பார்க்க முடியாமல் தவித்தன. 1996 செப்டம்பரில் ஹிரிவ்னியா என்ற புது நாணயம் வந்த பிறகுதான் விலைவாசி கொஞ்சம் மூச்சு விட்டது.

அந்த இடைவெளியில் புது ஆட்கள் வந்தார்கள். தனியார்மயத்தில் ஆலைகளும் வங்கிகளும் கைமாறியபோது பெரும் பணம் சேர்த்தவர்கள். டைனமோ கீவ் 1993-ல் சுர்கிஸ் சகோதரர்கள் கைக்குப் போனது. ஷக்தார் தொனெத்ஸ்க் 1996-ல் ரினாத் அக்மெதோவ் கைக்குப் போனது. மற்ற ஊர் அணிகளும் தங்களுக்கு ஒரு புரவலரைத் தேடின. சோவியத் காலத்தில் ஆலை செய்த வேலையை இப்போது ஒரு தனி மனிதரோ ஒரு தொழில் குழுமமோ செய்ய வேண்டும். ஏற்பாடு மாறவில்லை, கொடுக்கும் கை மட்டும் மாறியது.

பார்மாவும் நான்ட்டும் வந்த வருடங்கள்

கிரிவ்பாஸின் பொற்காலம் மிகச் சின்னது, இரண்டே சீசன். ஒலெஹ் தரான் பயிற்சியில் 1998-99-ல் மூன்றாவது இடம், 1999-2000-ல் மறுபடியும் மூன்றாவது இடம். டைனமோ கீவ் அந்தக் காலத்தில் ஐரோப்பாவையே மிரட்டிக்கொண்டிருந்த அணி. 1999-ல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனது. ஆந்த்ரி ஷெவ்செங்கோ, செர்ஹி ரெப்ரோவ் இருவரும் அதில் ஆடினார்கள். அப்படிப்பட்ட அணி இருக்கும் லீகில் சுரங்க ஊர் அணி வெண்கலம் வாங்குவது சாதாரண விஷயமில்லை. 2000-ல் உக்ரைன் கோப்பை இறுதியாட்டத்துக்கும் கிரிவ்பாஸ் போனது. டைனமோவிடம் 0-1 என்று ஒரே கோலில் தோற்றது.

மூன்றாவது இடத்துக்குப் பரிசு ஐரோப்பா. 1999-ல் யூஇஎஃப்ஏ கோப்பையில் முதலில் அஜர்பைஜானின் ஷம்கிர் அணியை வென்றது. அடுத்து வந்தது இத்தாலியின் பார்மா. சில மாதங்களுக்கு முன்னால்தான் அதே கோப்பையை வென்ற நடப்பு சாம்பியன்! கோல்கீப்பர் புஃபோன், தடுப்பில் கன்னவாரோ, துராம் எல்லாம் இருந்த அணி. ஏழு வருடம் கழித்து 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஆடிய மூன்று பேர் அவர்கள்.

பார்மாவில் நடந்த முதல் ஆட்டத்தில் கிரிவ்பாஸ் இரண்டு கோல் போட்டது. 2-3 என்று தோற்றாலும் அந்த இரண்டு கோலை ஊர் மறக்கவில்லை. சொந்த ஊரில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 0-3. கதை முடிந்தது. மறுவருடம் பிரான்சின் நான்ட் வந்தது. ஊரில் 0-1, அங்கே போய் 0-5. அந்த நான்ட் அந்தச் சீசனின் முடிவில் பிரான்ஸ் சாம்பியன் ஆனது.

இதற்குப் பிறகு ஐரோப்பாவில் கிரிவ்பாஸ் இன்னொரு ஆட்டம் ஆட 24 வருடம் ஆனது.

480 கோடி டாலர் ஊரில் காசில்லாத கிளப்

2000-க்குப் பிறகு அணி மெல்ல நடுத்தர வரிசைக்கும், சில வருடங்களில் அதற்கும் கீழேயும் இறங்கியது. பல சீசன்களில் கடைசி நேரத்தில் தப்பியது. ஆனால் தப்பியது.

அதே காலத்தில் ஊரில் வேறு ஒரு நாடகம் நடந்தது. 2004-ல் கிரிவோரிஜ்ஸ்தால் உருக்காலையை உக்ரைன் அரசு சுமார் 80 கோடி டாலருக்கு விற்றது. வாங்கியவர்கள் அக்மெதோவும், அப்போதைய ஜனாதிபதி குச்மாவின் மருமகன் விக்தர் பின்சுக்கும் சேர்ந்த கூட்டணி. விலை அடிமாட்டு விலை என்று நாடே பேசியது. ஆரஞ்சுப் புரட்சிக்குப் பிறகு வந்த அரசு அந்த விற்பனையை ரத்து செய்து, 2005 அக்டோபர் 24-ம் தேதி தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பி மறு ஏலம் விட்டது. ராஜஸ்தானில் பிறந்த லட்சுமி மிட்டலின் மிட்டல் ஸ்டீல் நிறுவனம் ஏலத்தை எடுத்தது. விலை சுமார் 480 கோடி டாலர். முதல் விலையைப் போல ஆறு மடங்கு!

ஒரே ஊர். ஒரு பக்கம் உலகமே போட்டி போட்டு வாங்கும் உருக்காலை. இன்னொரு பக்கம் அடுத்த மாதச் சம்பளத்துக்கு யாரையாவது எதிர்பார்க்கும் கால்பந்து கிளப். எப்படி?

ஒரு கிளப்புக்கு வருமானம் வரும் வழிகள் நான்குதான். டிக்கெட், டிவி உரிமை, விளம்பரம், வீரர்களை விற்பது. இங்கிலாந்து மாதிரி நாடுகளில் டிவி பணம் மட்டுமே அணிகளைக் காப்பாற்றும். உக்ரைனில் டிவி பணம் சொற்பம். டிக்கெட் விலையைச் சுரங்கத் தொழிலாளியின் சம்பளத்துக்கு ஏற்ற மாதிரித்தான் வைக்க முடியும். விளம்பரம் என்பது பெரும்பாலும் உரிமையாளரின் சொந்த நிறுவனத்தின் பெயரைச் சட்டையில் போடுவது. அதாவது அவருடைய ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுவது. நல்ல வீரன் கிடைத்தால் விற்கலாம், ஆனால் விற்றால் அணி பலவீனமாகும்.

செலவோ நிற்காது. டைனமோவும் ஷக்தாரும் கோடிகளைக் கொட்டும்போது நடுத்தர வீரனின் சம்பளமும் சேர்ந்து ஏறும். ஏழாவது இடம் பிடிக்கக்கூடப் பெரிய தொகை வேண்டும். வரவுக்கும் செலவுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவர் தன் கையிலிருந்து நிரப்ப வேண்டும்.

கணக்குப்பதிவியலில் முதல் பாடத்திலேயே வருவது வணிகத் தனித்தன்மைக் கருத்து. வணிகம் வேறு, அதன் உரிமையாளர் வேறு. உக்ரைன் கால்பந்தில் அந்தப் பாடம் காகிதத்தில் மட்டும் இருந்தது. உண்மையில் புரவலரும் கிளப்பும் ஒரே உயிர். அவருக்குச் சளி பிடித்தால் கிளப்புக்குக் காய்ச்சல் வரும்.

2013 ஜூன்

கடைசி சீசனில் பொற்காலப் பயிற்சியாளர் தரானே திரும்பி வந்திருந்தார். அவர் கையில் அணி 7-வது இடம் வரை போனது. ஆட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் கடன் சேர்ந்திருந்தது, பள்ளத்தை நிரப்பும் கை இல்லை, புது முதலீட்டாளர் வரவில்லை. கோடையில் கிளப் லீகிலிருந்து விலகியது. வீரர்கள் வேறு அணிகளுக்குக் கலைந்து போனார்கள்.

அப்போது இது ஒரு சின்ன அணியின் தனிக் கஷ்டம் என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள். ஆனால் அது முதல் மணி. அதே 2013 அக்டோபரில், சீசன் நடுவிலேயே ஆர்செனல் கீவ் திவாலாகி விலகியது. 2014-ல் கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டபோது, உக்ரைனின் முதல் சாம்பியனான தாவ்ரியா சிம்ஃபெரோபோல் உட்பட இரண்டு அணிகள் லீகிலிருந்து மறைந்தன. 2016-ல் மெட்டலிஸ்ட் கார்கிவ் போனது. அதன் உரிமையாளர் குர்ச்செங்கோ 2014 புரட்சியின்போதே நாட்டைவிட்டு ஓடியிருந்தார். 2015-ல் யூரோப்பா லீக் இறுதியாட்டம் வரை போய் செவில்லாவிடம் 2-3 என்று தோற்ற த்னிப்ரோ, இரண்டே வருடத்தில் சம்பளப் பாக்கி வழக்குகளால் கீழ் லீகுக்குத் தள்ளப்பட்டுப் பிறகு காணாமல் போனது. ஐரோப்பிய இறுதியாட்டக்காரர்களுக்கே அந்தக் கதி!

அப்படிப் பார்த்தால் கிரிவ்பாஸ் வித்தியாசமான நோயில் சாகவில்லை. எல்லோருக்கும் இருந்த நோய் அதற்குக் கொஞ்சம் முன்னதாக முற்றியது.

நடுவில் ஏழு வருடம்

கிரிவ்பாஸ் இல்லாத ஊரில் கால்பந்து முழுவதும் நின்றுவிடவில்லை. ஹிர்னிக் என்று இன்னொரு சின்ன அணி இருந்தது. ஞாபகம் இருக்கிறதா, கிரிவ்பாஸே ஒரு காலத்தில் வைத்திருந்த பெயர்! ஆனால் இது வேறு கிளப். சுரங்கத் தொழிலாளர் வட்டாரத்தில் வளர்ந்த அணி. கீழ் லீகுகளில் ஏறி இறங்கி, சில ஆயிரம் பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஹிர்னிக் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கிரிவ்பாஸ் போன பிறகு ஊரின் பெயரைத் தூக்கிப் பிடித்தது இதுதான். பெரிய புகழ் இல்லை, ஆனால் கதவு மூடவில்லை.

2019-ல் அந்த ஊர்க்காரர் ஒருவர் உக்ரைனின் ஜனாதிபதி ஆனார். வோலோதிமிர் ஜெலன்ஸ்கி. 1978-ல் கிரிவி ரிஹில் பிறந்தவர். அவர் நடத்திய நகைச்சுவைக் குழுவின் பெயரான 'க்வார்தால் 95' கூட அந்த ஊரின் ஒரு வட்டாரத்தின் பெயர்தான். 2020-ல் அவருடைய முயற்சியில், கிரிவ்பாஸ் திரும்ப வரும் என்று முடிவானது.

எப்படி வந்தது என்பதுதான் சுவாரஸ்யம். பழைய நிறுவனத்தைத் தோண்டி எடுத்து உயிர் கொடுக்கவில்லை. லீகில் ஏற்கெனவே இடம் வைத்திருந்த ஹிர்னிக்கின் மேல் கிரிவ்பாஸ் என்ற பெயர் வைக்கப்பட்டது. அணியின் இடம் ஹிர்னிக்குடையது. மைதானம் ஹிர்னிக்குடையது. பெயரும் ஞாபகமும் மட்டும் கிரிவ்பாஸுடையது.

அப்படியானால் இது மறுபிறப்பா, பெயர்ப்பலகை மாற்றமா?

கணக்குப்பதிவியலில் 'நற்பெயர்' என்று ஓர் அத்தியாயம் உண்டு. கட்டடம், இயந்திரம், ரொக்கம் எல்லாவற்றையும் கணக்குப் போட்ட பிறகும் ஒரு வணிகத்துக்குக் கூடுதலாக ஒரு மதிப்பு இருக்கும். கண்ணால் பார்க்க முடியாது, தொட முடியாது. அதனால் அது புலனாகாச் சொத்து. நிறுவனம் திவாலானால் நற்பெயரின் மதிப்பு பூஜ்யம் என்பது வழக்கம். ஏனென்றால் அந்த நிறுவனத்தை விட்டால் அது தங்குவதற்கு வேறு இடமில்லை.

கிரிவ்பாஸ் விஷயத்தில் அது தங்க இடம் இருந்தது. ஏழு வருடமும் அது ஊர் மக்களிடம் இருந்தது. பார்மாவுக்கு எதிராகப் போட்ட இரண்டு கோலை எந்தக் கடன்காரராலும் ஜப்தி செய்ய முடியாது. ஒரு அணி ஏற்கெனவே இருக்கும்போது அதற்குப் போய் இன்னொரு பெயரை வைக்கிறார்கள் என்றால், அந்தப் பெயருக்கு விலை இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இதற்கு ஒரு இழப்பும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. கஷ்ட காலத்தில் கதவைத் திறந்து வைத்திருந்த ஹிர்னிக்தான் கிரிவ்பாஸுக்காகத் தன் பெயரை விட்டுக்கொடுத்தது.

போர் வந்த சீசன்

புது கிரிவ்பாஸ் மூன்றாம் நிலை லீகில் ஆரம்பித்து 2021-ல் இரண்டாம் நிலைக்கு ஏறியது. அங்கே இரண்டாவது இடத்தில் இருந்தபோது 2022 பிப்ரவரி 24 வந்தது. ரஷ்யா முழுப் படையெடுப்பைத் தொடங்கியது. எல்லா லீகுகளும் நின்றன.

தெற்கிலிருந்து முன்னேறிய ரஷ்யப் படை கிரிவி ரிஹின் பக்கத்தில் வந்தது. விமானத்தில் படை வந்து இறங்கிவிடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் விமான நிலைய ஓடுபாதையில் கனரக வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சுரங்க ஊருக்குக் கனரக வண்டிக்கா பஞ்சம்! ஊர் விழவில்லை.

செர்னிஹிவின் தெஸ்னா, மரியுபோல் ஆகிய இரண்டு அணிகளும் அடுத்த சீசனில் ஆட முடியாத நிலை. அவற்றின் ஊர்களுக்கு நடந்தது உலகத்துக்கே தெரியும். காலியான அந்த இரண்டு இடங்களுக்கு இரண்டாம் நிலை லீகில் முன்னால் இருந்த மெட்டலிஸ்ட் கார்கிவும் கிரிவ்பாஸும் ஏற்றப்பட்டன. ஒன்பது வருடம் கழித்து உச்ச லீகுக்குத் திரும்பிய செய்தியைக் கொண்டாடும் மனநிலையில் ஊர் இல்லை.

புது பயிற்சியாளராக வந்தவர் யூரி வெர்னிடூப். 2021 செப்டம்பரில் மால்டோவாவின் ஷெரிஃப் திராஸ்போல் அணி ரியல் மாட்ரிட்டை அதன் சொந்த பெர்னபியூ மைதானத்திலேயே 2-1 என்று தோற்கடித்தது நினைவிருக்கலாம். அந்த ஷெரிஃபின் பயிற்சியாளர் இவர்தான். போர் தொடங்கிய நாளில் அவர் யூரோப்பா லீக் ஆட்டத்துக்காக போர்ச்சுகலின் பிராகாவில் இருந்தார். விடியற்காலையில் மகன் போன் செய்து செய்தி சொன்னான். அன்றைய ஆட்டத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பி, 56 வயதில் ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். சில மாதம் சீருடையில் இருந்த பிறகு கிரிவ்பாஸுக்கு வந்தார்.

2022 ஆகஸ்ட் 23-ம் தேதி உக்ரைன் லீக் மறுபடி தொடங்கியது. பார்வையாளர்கள் கிடையாது. சைரன் ஒலித்தால் ஆட்டம் நிற்கும், இரண்டு அணியும் பதுங்குமிடத்துக்கு ஓடும். ஆபத்து நீங்கிய அறிவிப்பு வந்தால் திரும்பி வந்து விட்ட நிமிடத்திலிருந்து ஆட வேண்டும். அடுத்த மாதமே, செப்டம்பர் 14 அன்று, ஏவுகணைகள் கிரிவி ரிஹின் கராச்சுனிவ் அணையைத் தாக்கின. இன்ஹுலெத்ஸ் ஆறு பெருகி ஊரின் சில பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. இதற்கு நடுவில்தான் அணி பயிற்சி எடுத்தது, ஆடியது.

2023-24 சீசன் முடிவில் பட்டியல் இப்படி இருந்தது. முதலிடம் ஷக்தார். இரண்டாமிடம் டைனமோ கீவ். மூன்றாமிடம் கிரிவ்பாஸ். 1999-லும் 2000-லும் வாங்கிய அதே மூன்றாமிடம்!

சொந்த ஊர் இல்லாத சொந்த மைதானம்

மூன்றாமிடத்துக்குப் பரிசு மறுபடியும் ஐரோப்பா. ஆனால் 2022 முதல் உக்ரைன் மண்ணில் ஐரோப்பியப் போட்டிகளை நடத்த அனுமதி இல்லை. கிரிவ்பாஸின் 'உள்ளூர்' ஆட்டங்கள் ஸ்லோவாக்கியாவின் கோசித்ஸே நகரில் நடந்தன. 2024 ஆகஸ்டில் யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் செக் அணியான விக்டோரியா பில்சனிடம் இரண்டு ஆட்டத்திலும் தோற்றது. அங்கிருந்து கான்ஃபரன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்கு வந்து ஸ்பெயினின் ரியல் பெட்டிஸை எதிர்கொண்டது. கோசித்ஸேயில் 0-2, செவில்லில் 0-3.

நாலு ஆட்டம், நாலு தோல்வி. ஸ்கோரை மட்டும் பார்த்தால் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் 2013 ஜூனில் திவால் பத்திரத்தில் முடிந்துபோன ஒரு பெயர், 11 வருடம் கழித்து ஐரோப்பியக் குலுக்கலில் எழுதப்பட்டிருந்தது. ஊர் ஏவுகணை தூரத்தில் இருக்கும்போது, வேறு நாட்டு மைதானத்தைத் தன் மைதானம் என்று சொல்லிக்கொண்டு ஆடிய அணி அது.

பாடம் கற்றதா?

இங்கே கதையை நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் கணக்கு அவ்வளவு சுலபமாக முடிவதில்லை.

1960-களில் கிரிவ்பாஸுக்குச் சோறு போட்டது ஆலை. 1990-களில் புதுப் பணக்காரர்கள். 2020-ல் உயிர் கொடுத்தது ஒரு ஜனாதிபதியின் விருப்பம். மூன்று முறையும் கொடுக்கும் கை மாறியதே தவிர, 'யாராவது கொடுக்க வேண்டும்' என்ற ஏற்பாடு மாறவில்லை. டிக்கெட், டிவி, விளம்பரம், வீரர் விற்பனை என்ற நான்கு வழிகளும் போர்க்காலத்தில் இன்னும் சுருங்கின. பார்வையாளர் இல்லாத மைதானத்தில் டிக்கெட் ஏது? வெளிநாட்டு வீரர்கள் ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்துவிட்டு வெளியேறலாம் என்று ஃபிஃபா 2022-ல் அனுமதித்ததால், உக்ரைன் கிளப்புகள் விற்று ஈடுகட்ட வேண்டிய வீரர்களைக்கூட இழந்தன.

2013-ல் கிளப்பைக் கொன்ற காரணம் இன்னும் ஒழியவில்லை. அதனால் 2024-ன் மூன்றாமிடம் கிளப்பைக் காப்பாற்றிவிட்டது என்று சொல்ல முடியாது. மைதான வெற்றி கணக்குப் புத்தகத்துக்குக் கேடயம் இல்லை என்பதற்கு, ஏழாவது இடம் பிடித்துவிட்டு மூடப்பட்ட இதே கிரிவ்பாஸைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. முதல் முறை மூடப்பட்டபோது, பணம் போனால் எல்லாம் போய்விடும் என்றுதான் தோன்றியது. ஏழு வருடம் கழித்து, எல்லாம் போகவில்லை என்று தெரிந்தது. இடமும் மைதானமும் வேறு ஒரு அணியிடமிருந்து வந்தன, பயிற்சியாளர் ராணுவத்திலிருந்து வந்தார், உச்ச லீகில் இடம் ஒரு கொடூரமான காரணத்தால் வந்தது. பெயர் மட்டும் ஊரிலேயே இருந்தது.

2025 ஏப்ரல் 4-ம் தேதி மாலை கிரிவி ரிஹின் ஒரு குடியிருப்புப் பகுதியில், குழந்தைகள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் ஏவுகணை விழுந்தது. 20 பேர் இறந்தார்கள். அதில் 9 பேர் குழந்தைகள். இந்த மாதிரிச் செய்திக்கு முன்னால் கால்பந்து லீக் பட்டியல் ரொம்பச் சின்ன விஷயம். அந்த ஊரில் யாருக்கும் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தெரிந்தும்தான் ஆடுகிறார்கள். பூமிக்கடியில் இருக்கும் தாதுவின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு, சைரன் நின்றதும் விட்ட நிமிடத்திலிருந்து.